குடத்தின் கழுத்தில் ஈர முடி

ரோஷன் பீயின் வீட்டுக் கதவை யாராவது தட்டினால், ஊரில் ஒரு பெண் மௌத்தாகிவிட்டாள் என்று அர்த்தம். வேறு எதற்கும் தட்ட மாட்டார்கள். நிக்காஹ் விருந்துக்கு அழைப்பு வராது. பிள்ளைக்குப் பேர் வைக்கிற வீட்டிலிருந்து ஒரு துண்டு மிட்டாய்கூட வராது. இறந்த உடலை, மய்யித்தை, குளிப்பாட்டுகிற கை என்றால் மனிதர்களுக்கு மரியாதையும் உண்டு, பயமும் உண்டு. கடைத்தெருவில் கண்டால் சலாம் சொல்வார்கள். இடுப்புப் பிள்ளையை மட்டும் அந்தப் பக்கம் மாற்றிக்கொள்வார்கள்.

அவள் வீடு செஞ்சிக் கோட்டையின் வெளிமதிலை ஒட்டி, அகழிக்கு இந்தப் பக்கம் தனியாக நின்றது. புருஷன் போய்ப் பல வருஷம். பிள்ளை இல்லை. பின்பக்கம் ஓர் இலந்தை மரம், அதன் கீழே ஒரு துவைகல், சமையல் மூலையில் ஒரு பித்தளைக் குடம். அவள் சொத்து அவ்வளவுதான். பகலெல்லாம் ராஜகிரிப் பாறை குடித்த வெயில் பொழுது சாய்ந்த பிறகுதான் இறங்கி வரும். அந்த அனலில் உட்கார்ந்திருக்கும்போது, இத்தனை பேரைக் குளிப்பாட்டி அனுப்பினோமே, நம்மைக் குளிப்பாட்ட யார் இருக்கிறார்கள் என்று சில நாள் தோன்றும். அந்த வேலை தெரிந்த வேறு பெண் ஊரில் இல்லை. நினைத்தாலே பயம் வரும். உடனே எழுந்து ஏதாவது வேலை பார்ப்பாள்.

1987ஆம் வருஷம் ஐப்பசி மாதம், மதியத் தொழுகை முடிந்த நேரத்தில், தூறலில் நனைந்தபடி ஒருவன் வந்து கதவைத் தட்டினான். கௌஸ் பாஷாவின் பெண்டாட்டி கமருன்னிசா இறந்துவிட்டாளாம். நெஞ்சு வலியாம். ரோஷன் பீ மரத்தில் ஒரு கை இலை பறித்துக்கொண்டு கிளம்பினாள். இலந்தை இலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரில்தான் மய்யித்தைக் கழுவுவது வழக்கம். வழியெல்லாம் ஒரே யோசனை. கல்யாணமாகி இரண்டு வருஷம் இருக்குமா? இருபது வயசுப் பெண்ணுக்கு நெஞ்சு வலி எங்கிருந்து வந்தது?

கௌஸ் பாஷாவின் வீடு பழைய ஓட்டு வீடு. வாசலில் ஆண்கள் கூடி நின்றார்கள். உள்ளே நீண்ட இருட்டு நடை. அத்தர் வாசனை தூக்கலாக இருந்தது; அதற்கு அடியில் ஏதோ தீய்ந்த வாடை. நடை முடிகிற இடத்தில், தோட்டத்துப் பக்கம், துப்பட்டிகளைக் கட்டித் திரை போட்டிருந்தார்கள். மசூதியிலிருந்து வந்த பலகையின் மேல் கமருன்னிசா கிடந்தாள்.

இப்படிப்பட்ட நேரத்தில் திரைக்குள் நாலு பெண்களாவது நெருக்கியடித்துக்கொண்டு நிற்பார்கள். இங்கே மாமியார் அமீர் ஜான் மட்டும் குவளையோடு நின்றாள்.

"எல்லாரையும் வெளிய இருக்கச் சொல்லிட்டேன். தண்ணி நானே ஊத்துறேன்."

"அவங்க அம்மா?"

"அவலூர்பேட்டைக்கு ஆள் போயிருக்குது. மழை புடிச்சுக்கும். சீக்கிரம் எடுத்துடணும்."

ரோஷன் பீ உடம்பின் மேல் துணியைப் போர்த்தினாள். அதற்கு அடியில் கையை விட்டுக் கழுவ ஆரம்பித்தாள். அமீர் ஜான் மொண்டு மொண்டு ஊற்றினாள். தண்ணீர் பலகை வழியாக ஓடி மண்ணில் இறங்கியது.

தோளைக் கழுவத் துணியை ஒதுக்கினாள். முழங்கைக்கு மேலே, உள்பக்கத்தில், தோசைத் திருப்பியின் அகலத்தில் சூட்டுத் தழும்புகள் இருந்தன. ஒன்று வெளுத்திருந்தது. ஒன்று கறுத்திருந்தது. ஒன்று இன்னும் நீர் கோத்த கொப்புளம். அவள் விரல் பட்டதும் அது உடைந்தது.

முகவாயைத் தூக்கினாள்.

கழுத்தைச் சுற்றி ஒரு கோடு.

ஒரு காதுக்குக் கீழிருந்து மறு காதுவரை, கன்றிப் போய், கயிற்றின் முறுக்கு அப்படியே பதிந்திருந்தது.

தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றது. ரோஷன் பீ நிமிர்ந்தாள். அமீர் ஜான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரோஷன்," என்றாள் குரலைத் தாழ்த்தி. "இங்க பாத்தது இந்தத் தண்ணியோட போயிடணும். உனக்கு நான் சொல்லத் தேவையில்ல."

தேவையில்லைதான். இந்த வேலைக்கு வந்த அன்றே அவளுக்குச் சொல்லப்பட்ட முதல் கட்டளை அது. மய்யித்தின் குறையைத் திரைக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. யாருக்கு மார்பில் கட்டி இருந்தது, யாருக்கு வெண்குஷ்டம், எந்தக் கன்னிப் பெண்ணுக்கு வயிறு மேடிட்டிருந்தது, எல்லாம் அவளுக்குத் தெரியும். ஒன்றைக்கூட அவள் வாய் சொன்னதில்லை. ஊர் அவளை நம்பிக் கதவு திறந்ததே அதனால்தான்.

கடைசியில் முடி. பெண்ணாக இருந்தால் தலைமுடியைக் கழுவி, இரண்டாகப் பிரித்து, இரு பக்கமும் மார்பின் மேல் போட வேண்டும். ரோஷன் பீ ஒருநாளும் அதை மாற்றிச் செய்தவள் இல்லை. கமருன்னிசாவுக்கு இடுப்பைத் தாண்டும் முடி. அதைக் கழுவிக் கையில் எடுத்தபோது வாசலில் அலறல் கேட்டது. அம்மா அசீசுன்னிசா வந்துவிட்டாள். மகள் முகத்தைப் பார்க்காமல் விட மாட்டாள். கழுத்தைப் பார்த்தால் அங்கேயே உயிரை விட்டுவிடுவாள்.

ரோஷன் பீயின் கை யோசிக்கவில்லை. ஈர முடியை மொத்தமாகத் திரட்டிக் கழுத்தைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியைச் செருகிவிட்டாள். கோடு மறைந்தது. பெற்றவள்மேல் இரக்கப்பட்டுச் செய்த காரியம். ஆனால் கயிறு இருந்த இடத்தில் அவள் இன்னொரு கயிற்றைப் போட்டாள் என்பது அப்போது அவளுக்குப் புரியவில்லை.

கஃபன் என்கிற வெள்ளைத் துணியை முகம் மட்டும் தெரியும்படி சுற்றினாள். அசீசுன்னிசா வந்து முகத்தைப் பார்த்து, நெற்றியைத் தடவி, மயங்கி விழுந்தாள். ரோஷன் பீ முகத்தை மூடி முடிச்சுகளைப் போட்டாள். அதற்குள் மழையும் பிடித்துக்கொண்டது.

ரோஷன் பீ வீடு திரும்பும்போது அந்திக் கருக்கல். குளித்து, புடவை மாற்றி, கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு, தொழுகைக்குக் கை கால் கழுவக் குடத்தைச் சாய்க்கப் போனாள்.

கரண்டு போனது.

இருட்டில் குடத்தின் கழுத்தைப் பிடித்தாள். பித்தளைக்கு உண்டான வழவழப்பு இல்லை. கைக்குள் ஏதோ ஈரமாக, சவசவ என்று இருந்தது. சிம்னி விளக்கை ஏற்றிக் கொண்டுவந்து பார்த்தாள்.

முடி. நீளமான கறுப்பு முடி.

குடத்தின் கழுத்தை இரண்டு சுற்றுச் சுற்றி, நுனி செருகியிருந்தது.

அவளுக்குத் தலை நரைத்து எத்தனையோ காலம். புடவையில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும், நாமே மறதியில் இங்கே வைத்திருப்போம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அடுத்தவரிடம் பொய் சொல்லத் தெரியாதவருக்குக்கூடத் தன் மனசிடம் பொய் சொல்ல நன்றாகத் தெரியும். முடியைக் கழற்றி எடுத்துப் போய் இலந்தை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தாள்.

மறுநாள் அந்தியில் குடத்தின் கழுத்தில் மறுபடி இருந்தது. அதற்கு மறுநாளும்.

பிறகு சத்தம் ஆரம்பித்தது. அந்தித் தொழுகைக்குப் பாங்கு சொல்லப் போகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், வௌவால்கள் கோட்டையின் கல்யாண மகாலிலிருந்து கிளம்புகிற பொழுதில், பின்பக்கம் யாரோ குவளையில் தண்ணீர் மொள்வார்கள். ஊற்றுவார்கள். நிறுத்துவார்கள். மறுபடி மொள்வார்கள். ஒருநாள் துணிந்து கதவைத் திறந்தாள். ஆள் இல்லை. மழை விட்டு நாளாகியிருந்தது. ஆனாலும் துவைகல் நனைந்து, அடியில் மண் குழைந்து கிடந்தது. இலந்தை இலை கொதிக்கிற வாசனை மூக்கில் ஏறியது.

"கமரு," என்று இருட்டைப் பார்த்துக் கிசுகிசுத்தாள். "உனக்கு நான் இன்னா குறை வெச்சேன்?"

அவளுக்குப் பின்னால், வீட்டுக்குள், குடம் சாய்ந்து உருண்டது.

அன்று அவள் விளக்கை அணைக்கவே இல்லை. பயந்தாள், நன்றாகவே பயந்தாள். அந்தப் பயத்தின் நடுவே வெட்கம்கெட்ட ஒரு நினைப்பும் வந்தது. இத்தனை வருஷத்தில் அவளைத் தேடி நாள் தவறாமல் வருகிற ஒரே ஜீவன் இந்தப் பெண்தான்.

அசீசுன்னிசா அழுதுவிட்டு ஓய்ந்துபோகிறவள் இல்லை. கௌஸ் பாஷா சவுதிக்குப் போக விசாவுக்குப் பணம் கேட்டுக்கொண்டிருந்தான். கடைசியாகத் தாய்வீட்டுக்கு வந்தபோது கமருன்னிசா, வெறுங்கையோடு திரும்பினால் தன்னை உயிரோடு விட மாட்டார்கள் என்று சொல்லியிருந்தாள். வெறுங்கையோடுதான் திரும்பினாள். அம்மா நேராகத் திண்டிவனத்துக்குப் போய் சந்தேகச் சாவை விசாரிக்கிற ஆர்.டி.ஓ.விடம் மனுக் கொடுத்துவிட்டாள். புதைத்த கப்ரைத் தோண்டிப் பார்ப்பது என்று முடிவாயிற்று.

ரோஷன் பீயைக் கூட்டிப் போகப் போலீஸ்காரி மங்கை வந்தாள். பனமலைப் பக்கத்துக் கூலிக் குடும்பத்திலிருந்து படித்து வந்த பெண். காக்கி போட்ட பிறகும் பெரியவர்களிடம் குரல் உயராது.

"பாயம்மா, குளிப்பாட்டுனது நீங்கதான? நீங்க போட்ட முடிச்சுதானான்னு அடையாளம் காட்டணும்." கொஞ்சம் தயங்கினாள். "உடம்புல இன்னாச்சும் பாத்தீங்களா?"

"அதைக் கேக்காதம்மா. நாங்க சொல்லக் கூடாது."

அடக்கஸ்தலத்தில் காலை வெயில் சுள்ளென்று அடித்தது. ஆர்.டி.ஓ., டாக்டர், எழுதுகிறவர் எல்லாரும் மூக்கைத் துணியால் பொத்திக்கொண்டு நின்றார்கள். மண்ணைத் தள்ளி, பலகைகளை எடுத்து, கஃபனோடு உடலை மேலே தூக்கிவைத்தார்கள். முடிச்சுகளை ரோஷன் பீ குனிந்து பார்த்தாள். அவள் போட்டவைதான்; மழை அவசரத்தில் கப்ரில் அவிழ்க்காமலே மூடியிருந்தார்கள். ஒன்றும் தளரவில்லை, ஒன்றும் அவிழவில்லை. துணி மண் நிறமாகியிருந்தது, எங்கேயும் கிழியவில்லை.

டாக்டர் முடிச்சுகளை அவிழ்த்துத் துணியை விலக்கினார்.

"தலைமுடி இரண்டாகப் பிரித்து மார்பின் மேல் போடப்பட்டிருக்கிறது," என்று சொல்லிக்கொண்டே போனார். "எழுதுங்க."

ரோஷன் பீ பார்த்தாள்.

இரண்டாகத்தான் இருந்தது.

நேர் வகிடு. இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி. கழுத்தில் ஓர் இழைகூட இல்லை. முடிச்சவிழாத துணிக்குள் கிடந்தபடி, கமருன்னிசா தன் கழுத்தைத் தானே திறந்து வைத்திருந்தாள்.

சுற்றி நின்றவர்களில் யாருக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை. தெரிந்தவள் ரோஷன் பீ மட்டும்தான். மதில் ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து மங்கை பக்கத்தில் வந்து குந்தினாள்.

"டாக்டரால ஒண்ணும் சொல்ல முடியலையாம், பாயம்மா. சதையெல்லாம் அழுகிப் போச்சு. எலும்பு முறியல. சின்ன வயசு எலும்பு வளையுமே தவிர முறியாதாம்."

"அப்ப?"

"புதுசா ஒரு சட்டம் வந்திருக்குது. கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள்ள ஒரு பொண்ணு இயற்கையா சாவலன்னும், சாவுக்குக் கொஞ்சம் முன்னாடி வரைக்கும் வரதட்சணைக்காகக் கொடுமை பண்ணாங்கன்னும் காட்டிட்டா போதும். சாவுக்கு நாங்க காரணம் இல்லன்னு புருஷன் வீட்டுக்காரங்கதான் நிரூபிக்கணும். பணம் கேட்டதை அம்மா சொல்லிடுவாங்க. உடம்புல இருந்ததைச் சொல்லத்தான் ஆள் இல்ல."

"சூடு வெச்ச தழும்பு இருந்தா?"

மங்கை அவள் முகத்தையே பார்த்தாள். "பழசுன்னா செல்லாது. கடைசி வரைக்கும் நடந்துச்சுன்னு தெரியணும்."

ரோஷன் பீயின் விரல் நுனியில் அந்தக் கொப்புளம் மறுபடி உடைந்தது. அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நான் பாத்தேம்மா. எழுதிக்கச் சொல்லு."

சூட்டுத் தழும்பையும் கழுத்துக் கோட்டையும் சொன்னாள். முடியைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அன்று அந்தியில் குடத்தின் கழுத்து சுத்தமாக இருந்தது. பின்பக்கத்துத் தண்ணீர் சத்தம் மட்டும் எங்கோ தள்ளிக் கேட்பதுபோல் மெலிதாகக் கேட்டது.

வழக்கு கடலூர் செஷன்ஸ் கோர்ட்டுக்கு வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. தாயும் மகனும் ஜாமீனில் வந்துவிட்டார்கள். சாட்சி சொல்லப் போகிற வாரத்தில் ஒரு மாலை, அமீர் ஜான் ரோஷன் பீயின் வாசலுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஞாபகம் இல்லன்னு சொல்லிடு. அது போதும்."

"எழுதிக் குடுத்துட்டேன், அமீர் ஜான்."

"போலீஸ் மிரட்டி எழுதிக்கினாங்கன்னு சொல்லு. உன்னை யாரு கேக்கப் போறாங்க?" அவள் கோபப்படவே இல்லை. சொந்தக்காரிக்குப் புத்தி சொல்வதுபோல் நிதானமாகப் பேசினாள். "நீ கோர்ட்ல வாய் தொறந்துட்டா அப்புறம் இந்த ஊர்ல எந்த வீட்டுக் கதவும் உனக்குத் தொறக்காது. அதை விடு. நாளைக்கு நீ மௌத்தானா உன்னைத் தொட ஒரு கை இருக்குமா? தண்ணி ஊத்த ஒருத்தி வருவாளா? நாறிக் கெடப்ப, ரோஷன்."

ரோஷன் பீ யாரிடமும் சொல்லாத பயத்தை இவள் எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டாள்.

அமீர் ஜான் சட்டென்று தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"உள்ள யாரு?"

"யாரும் இல்ல."

"பின்னால யாரோ தண்ணி ஊத்துறாங்களே."

"உனக்கும் கேக்குதா?"

அமீர் ஜானின் முகத்தில் இரத்தம் இல்லை. அந்தச் சத்தத்தை அவள் அடையாளம் கண்டுகொண்டாள். மொண்டு, ஊற்றி, நிறுத்தி, மறுபடி மொள்வது. அன்று திரைக்குள் அவள் கையே ஊற்றிய கணக்கு அது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு போய்விட்டாள்.

அவள் போனாலும் அவள் வைத்த வார்த்தை போகவில்லை. ரோஷன் பீ இரண்டு நாள் சோறு தின்னவில்லை. ஞாபகம் இல்லை என்று ஒரு சொல். அதைச் சொன்னால் இருக்கிறது இருக்கும். கதவு தட்டும், சலாம் கிடைக்கும், சாகும்போது நாலு பேர் வருவார்கள். சாட்சிக்குப் போக வேண்டிய காலையில் எழுந்து முதல் வேலையாகக் குடத்தைப் பார்த்தாள். முடி இருந்தால் நல்லது என்றுகூட நினைத்தாள். இருந்தால் பயந்துபோய்ச் சொன்னேன் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொள்ளலாம்.

குடத்தின் கழுத்தில் ஒன்றும் இல்லை. பின்பக்கம் சத்தமும் இல்லை. அந்தப் பெண் அவளை வற்புறுத்த வரவில்லை.

ரோஷன் பீ கொண்டையை முடிந்துகொண்டு கிளம்பினாள்.

பஸ்ஸில் நல்ல கூட்டம். மூன்று பேர் உட்காரும் சீட்டில் அவள் நடுவில், மங்கை ஓரத்தில். ஜன்னல் பக்கம் காலியாக இருந்தது. விழுப்புரம்வரை ஆட்கள் நின்றுகொண்டே வந்தார்கள். அங்கே உட்கார யாரும் கேட்கவில்லை. இறங்கும்போது கண்டக்டர் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்து முகம் சுளித்தார்.

"யாரும்மா இங்க தண்ணியக் கொட்டுனது?"

மங்கை திரும்பி ரோஷன் பீயைப் பார்த்தாள். பிறகு பேச்சை வளர்க்காமல் கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிப் போனாள்.

அரசு வக்கீல் பாண்டுரங்கன் கேட்டதற்கெல்லாம் ரோஷன் பீ கண்டதைச் சொன்னாள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் நிற்கிற எதிரிக் கூண்டில் கௌஸ் பாஷா தலையைக் குனிந்து நின்றான். பக்கத்தில் அமீர் ஜான். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார்.

"நீங்க டாக்டரா?"

"இல்லீங்க."

"அப்ப அந்தச் சூடு புதுசுன்னு எப்படிச் சொல்றீங்க?"

"கொப்புளம் என் கை பட்டு உடைஞ்சுதுங்க. பழசுன்னா காஞ்சு தோலு உரிஞ்சிருக்கும். அடுப்புல வேகுற எந்தப் பொம்பளைக்கும் இது தெரியும்."

"குளிப்பாட்டுறவங்க கண்டதை வெளிய சொல்லக் கூடாதுன்னு உங்க வழக்கம் இருக்குது, இல்லையா?"

"இருக்குதுங்க."

"அந்த வழக்கத்தையே மீறின நீங்க, சத்தியத்தை மட்டும் மீற மாட்டீங்கன்னு நாங்க நம்பணுமா?"

இந்தக் கேள்வியை ரோஷன் பீ தன்னிடமே எத்தனையோ அந்தியில் கேட்டிருக்கிறாள்.

"மய்யித்தோட குறையைத்தான் ஐயா மறைக்கணும். அவ கழுத்துல இருந்தது அவ குறை இல்ல. இவங்க குறை. இவங்க இன்னும் மய்யித்து ஆவல."

ஜட்ஜ் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். வக்கீல் விடுகிற ஆள் இல்லை.

"பெத்த தாயே முகம் பாத்திருக்காங்க. கழுத்துல எந்தக் காயமும் பாக்கலன்னு இதே கூண்டுல சொல்லியிருக்காங்க. தாய் கண்ணுக்குப் படாதது உங்க கண்ணுக்கு மட்டும் எப்படிப் பட்டுது?"

ரோஷன் பீ அசீசுன்னிசா உட்கார்ந்திருந்த பெஞ்சுப் பக்கம் திரும்பினாள்.

"நான்தான் மறைச்சேன். அவ முடியையே கழுத்துல சுத்தி மறைச்சுட்டேன். நீ தாங்க மாட்டன்னு நெனச்சேன், அசீசு. என்னை மன்னிச்சுடு."

அசீசுன்னிசா வாயைப் பொத்திக்கொண்டாள். வக்கீலின் முகத்தில் வெளிச்சம் வந்தது. காகிதம் ஒன்றை எடுத்து உயர்த்தினார்.

"கப்ரைத் திறந்தப்போ டாக்டர் எழுதினது இது. முடிச்செல்லாம் அப்படியே இருந்திருக்குது. தலைமுடி இரண்டாகப் பிரித்து மார்பின் மேல் இருந்தது. கழுத்தில் இல்லை. இப்ப சொல்லுங்க. கழுத்துல சுத்தினேன்னு சொன்னது பொய்தானே?"

முடியைக் கமரு தானே எடுத்தாள் என்ற உண்மையைச் சொன்னால் ரோஷன் பீயைப் பைத்தியம் என்பார்கள். சொல்லாவிட்டால் எல்லாம் பொய்யாகிவிடும்.

"சுத்தித்தான் அனுப்பினேன்," என்றாள்.

"அப்ப யார் எடுத்தது?"

"சுத்தித்தான் இருந்துச்சு."

இந்தக் குரல் சாட்சிக் கூண்டிலிருந்து வரவில்லை.

அமீர் ஜான் எதிரிக் கூண்டின் கட்டையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அவள் கண் வக்கீலின் கையிலிருந்த காகிதத்தில் நிலைகுத்தி நின்றது.

"உக்காருங்கம்மா," வக்கீல் பதறினார். "பேசாதீங்க."

"நான்தான பக்கத்துல நின்னுக்கினு இருந்தேன். கோட்டு மேல ரெண்டு சுத்து சுத்தி, நுனியைச் செருகுனா. என் கண்ணால பாத்தேன்." அமீர் ஜானின் கை மெல்ல மேலே போய்த் தன் கழுத்தைத் தடவியது. "முடிச்சு அவிழலன்னு எழுதியிருக்குதே. அப்ப உள்ள இருந்து யாரு எடுத்தது?"

எந்தக் கோடு என்று ஜட்ஜ் கேட்டார். அதற்குள் அவள் மயங்கி விழுந்துவிட்டாள். அவள் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளும்படி ஜட்ஜ் உத்தரவு போட்டார்.

தாய்க்கும் மகனுக்கும் சிறைத்தண்டனை கிடைத்தது. தீர்ப்பன்று செஞ்சி பஸ் ஸ்டாண்டில் அசீசுன்னிசா ரோஷன் பீயின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அவலூர்பேட்டை பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டாள்.

அமீர் ஜான் சொன்ன ஒன்று மட்டும் பலித்தது. அதற்குப் பிறகு ரோஷன் பீயின் கதவை யாரும் தட்டவில்லை. ஊரில் பெண் மய்யித்து விழுந்தால் திண்டிவனத்திலிருந்து ஆளைக் கூட்டி வந்தார்கள். குற்றம் செய்யாத வீட்டிலும் மறைக்க ஏதாவது ஒன்று இருக்கத்தானே செய்யும். கடைத்தெருவில் கிடைத்துவந்த சலாமும் நின்றது. மங்கை மட்டும் மனசு கேட்காமல் எப்போதாவது வந்து எட்டிப் பார்ப்பாள். அவளையும் பிறகு வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள்.

குடத்தின் கழுத்து எந்நாளும் சுத்தமாக இருந்தது. பின்பக்கத்துச் சத்தமும் இல்லை. அதை நிம்மதி என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அந்தியானால் ரோஷன் பீயின் காது பின்கதவிலேயே இருந்தது. தாங்க முடியாத தனிமை அது. செத்தவள்கூட வருவதை நிறுத்திவிட்ட வீட்டில் எப்படி இருப்பது?

மறுபடி ஓர் ஐப்பசி. மாலைத் தொழுகையை முடித்துவிட்டு அப்படியே பாயில் சாய்ந்தவள் கண் அசந்துவிட்டாள். அந்திப் பாங்கு கேட்டுத்தான் விழிப்பு வந்தது. கரண்டு இல்லை.

மார்பு ஜில்லென்று இருந்தது.

கையை வைத்துப் பார்த்தாள். ஈரம்.

இறுக்கி முடிந்த கொண்டை அவிழ்ந்திருந்தது. அவளுடைய நரைத்த முடியை யாரோ சிக்கெடுத்து, கழுவி, நேர் வகிடு பிரித்து, இரண்டாக்கி, இரு பக்கமும் மார்பின் மேல் போட்டிருந்தார்கள். ஓர் இழைகூடக் கலையவில்லை. இத்தனை பதமாக அவளே யாருக்கும் செய்ததில்லை.

அடுப்பு அணைந்து கிடந்தது. வீடெல்லாம் இலந்தை இலை கொதிக்கும் வாசனை.

அவள் கத்தவில்லை. தன்னைக் குளிப்பாட்ட யார் என்று வருஷக்கணக்காக இருந்த அந்தப் பழைய பயத்தைத் தேடிப் பார்த்தாள், அது இல்லை.

"கமரு," என்றாள் மெல்ல. "எனக்கு இன்னும் நேரம் இருக்குது இல்ல?"

பின்பக்கம், மரத்தடியில், யாரோ ஒரு குவளைத் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது.

ஊற்றும் சத்தம் கேட்கவில்லை.